நிற்கிறேன் என்று எழுதிக் கொடுத்தவர்

அவரை நினைத்தால் எனக்கு முதலில் வருவது அந்தக் கடையின் வாசற்படிதான். ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியே. இரண்டு கையிலும் பிரித்துப் பிடித்த ஒரு புடவை, அதன் மேல் தேரடி வீதியின் வெயில். எதிரே யாரோ ஒரு பெண்மணி, முடிவு செய்ய முடியாமல் மோவாயில் விரலை வைத்தபடி நிற்கிறாள். "இங்க வந்து பாருங்கம்மா. உள்ள இருக்கிற டியூப்லைட்டுக்கு எல்லாப் புடவையும் அழகுதான்" என்று சொல்கிறார். எந்த முதலாளியின் காதுக்கு இது இனிக்கும்?

எழுபதுகளின் கடைசி. திருவண்ணாமலையில் பெரிய கோபுரத்துக்குச் சற்றுத் தள்ளி இருந்த ஒரு ஜவுளிக்கடையில் நான் பில் எழுதவும் தமிழ் டைப் அடிக்கவும் இருந்தேன். வயது இருபத்திரண்டு. எனக்கு நாக்கு நீளம் என்று வீட்டில் பெயர். கடைக்கு வந்ததும் அதைச் சுருட்டி வைத்துக்கொள்வேன். அவர் புடவைப் பிரிவில் நின்றார். எங்கள் பக்கத்தில் கடையில் வேலை செய்கிறான் என்று யாரும் சொல்வதில்லை, கடையில் நிற்கிறான் என்றுதான் சொல்வார்கள். உண்மையும் அதுதான், அங்கே முதலாளியையும் என்னையும் தவிர யாருக்கும் உட்கார இடம் கிடையாது. வேலையை விட்டுவிட்டாலும் அதே சொல்தான், நின்றுவிட்டான் என்பார்கள். பேசும்போது யாருக்கும் இதில் குழப்பம் வந்ததாக நான் கேள்விப்பட்டதில்லை.

அவர் பதினெட்டு வருடமாக அங்கே நின்றார். முதலாளியும் அவரும் ஒரே வயது. பழைய முதலாளி தன் மகனைக் கல்லாவில் உட்காரவைத்த அதே மாதத்தில்தான் இவரையும் கடையில் சேர்த்தாராம். கடையில் மற்ற ஆண்களையெல்லாம் முதலாளி "டேய்" என்பார், என்னை "ஏம்மா" என்பார். "யோவ்" என்று கூப்பிட்டது அவரை மட்டும்தான். அந்த யோவ்வில் எவ்வளவு பிரியம் இருந்தது என்பது எங்கள் யாருக்கும் தெரியாது. முதலாளிக்கே தெரியாது என்று நினைக்கிறேன்.

நிறங்களுக்கு அவர் தனியாகப் பெயர் வைத்திருந்தார். கிளிப்பச்சை, வெங்காயச் சருகு, மாந்துளிர் எல்லாம் எந்தக் கடையிலும் உண்டு. இவருடைய பெயர்கள் மலையிலிருந்து வரும். நீலத்தில் மட்டும் ஏழெட்டு இருந்தன. "இது காலைல ஏழு மணி மலைம்மா. இது மழைக்கு மொத நாள் சாயங்காலம். இது கொஞ்சம் கம்மி, பனியில பாக்கிற மாதிரி." கேட்கிற பெண்கள் சிரிப்பார்கள். பிறகு படியில் இறங்கித் தலையைத் திருப்பிக் கோபுரத்துக்குப் பின்னால் மலையைப் பார்ப்பார்கள், மறுபடி புடவையைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்குப் பேரம் பேச மனம் வராது. அவர் இதைத் தந்திரமாகச் செய்யவில்லை. தனக்குத் தெரிந்ததைச் சொன்னார், அவ்வளவுதான்.

ஒருநாள் செங்கம் ரோட்டுப் பக்கம் ஆசிரமத்துக்கு வந்து தங்கியிருந்த ஒரு வெள்ளைக்கார அம்மாள் வெள்ளைப் புடவை வேண்டும் என்று கையைக் காட்டிக் கேட்டாள். அவருக்கு இங்கிலீஷ் தெரியாது. நான்கு வெள்ளைப் புடவைகளை எடுத்துப் போய் வாசலில் விரித்தார். "இது பாலு. இது சோறு. இது விபூதி. இது நேத்து தோச்சுக் காயவெச்சது" என்று தமிழிலேயே சொன்னார். அந்த அம்மாள் ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டு, கடைசியில் விபூதியை எடுத்து மடியில் வைத்துக்கொண்டு படியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அவர் பக்கத்தில் நின்றார். தெருவில் போன மாடு ஒன்று நின்று பார்த்துவிட்டுப் போனது. நான் பில் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு ஒரு வரிகூட எழுதாமல் இருந்தேன். அந்தக் கடையின் மதியங்கள் எல்லாமே எனக்கு இப்போது அப்படித்தான் தோன்றுகின்றன, பாதித் தூக்கத்தில் யாரோ துணியைப் பிரித்துப் பிரித்துக் காட்டுகிற மாதிரி.

இப்படிப்பட்ட ஆளால் ஒரு கடையில் நிம்மதியாகக் காலம் தள்ள முடியுமா? ஒரு வைகாசியில் அது நடந்தது.

அடி அண்ணாமலையிலிருந்து ஒரு குடும்பம் கல்யாணப் புடவை எடுக்க வந்திருந்தது. ஒன்பது பேர். இரண்டு மணி நேரம் பார்த்து, உறவுக்காரப் பெண்களுக்கெல்லாம் ஒரே அரக்கு நிறத்தில் ஒரு கட்டுப் புடவை எடுத்துத் தனியாக வைத்துவிட்டார்கள். நான் பில் போடப் பேனாவை எடுத்தாயிற்று. கிளம்பும் நேரத்தில் பெண்ணின் அம்மா, ஒரு பேச்சுக்குத்தான், "சாயம் நிக்கும் இல்ல?" என்று கேட்டாள். அவர் ஒரு புடவையை வாசலுக்குக் கொண்டுபோனார். முந்தானை நுனியைத் தண்ணீரில் நனைத்துத் தன் வெள்ளைச் சட்டையின் கையில் தேய்த்தார். சட்டை சிவந்தது. "நிக்காதும்மா" என்றார்.

ஒன்பது பேரும் எதிர்க் கடைக்குப் போய்விட்டார்கள். முதலாளி அவரை எல்லோருக்கும் எதிரில் வைத்தே பிடித்துக்கொண்டார்.

"கடைல நின்னுக்கினு கடைச் சரக்க நிக்காதுங்கிறியா? ஒழுங்கா நிக்கிறதுன்னா நில்லு. இல்லன்னா நின்னுக்க. ஒண்ணாந்தேதிலேர்ந்து இன்னா செய்யப்போறன்னு எழுதிக் குடு!"

அவர் சட்டைக் கையிலிருந்த சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். மறுநாள் காலையில் என் மேசைக்கு வந்து அரைத்தாள் ஒன்றை நீட்டினார். "பிழ இருக்கா பாரும்மா" என்றார். மணிமணியான எழுத்து.

"மதிப்பிற்குரிய முதலாளி அவர்களுக்கு, தாங்கள் கேட்டபடி எழுதிக் கொடுக்கிறேன். வருகிற ஒன்றாம் தேதி முதல் நிற்கிறேன்."

பிழை ஒன்றும் இல்லை. "நெஜமாவே போறீங்களாண்ணே?" என்றேன்.

"எழுதிக் குடுன்னாரு, குடுக்கிறேன். ஒண்ணாந்தேதிக்கு இன்னும் ஒரு மாசம் கெடக்குதே. போவாதய்யான்னு ஒரு வார்த்த சொல்றாரான்னு பாப்பம்."

"சொன்னாருன்னா?"

"சொன்னா இருந்துடுவேன்" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

தாளைக் கொண்டுபோய்க் கல்லாவில் கொடுத்தேன். முதலாளி படித்தார். அவர் முகம் மலர்ந்தது. "பாத்தியாம்மா? நிக்கிறேன்னு எழுதிட்டான். பதினெட்டு வருசம்! எங்க போவான்?" என்று சொல்லி அதை மடித்து மேசை டிராயரில் வைத்தார். அன்று கடையில் எல்லோருக்கும் காபி வரவழைத்தார்.

நான் வாயைத் திறந்தேன். திறந்த வாயை மூடிக்கொண்டேன். பில் எழுதுகிறவள் முதலாளிக்கு அர்த்தம் சொல்லிக் கொடுப்பதா என்ற பயம் ஒரு பக்கம். அது மட்டும்தான் என்று சொன்னால் பொய். எல்லோர் எதிரிலும் அந்த மனுஷனை அப்படிப் பேசினார் அல்லவா, ஒன்றாம் தேதி காலையில் முதலாளி முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. நன்றாக வேண்டும் என்று நினைத்தேன். இருபத்திரண்டு வயதில் அது நியாயம் மாதிரியே இருந்தது.

அந்த ஒரு மாதம் போல அந்தக் கடை அதற்கு முன்பும் இருந்ததில்லை, பின்பும் இருந்ததில்லை. அவர் இருக்கிறார் என்ற நிம்மதியில் முதலாளி அவரிடம் அன்பாகப் பேசினார். போகப் போகிறோம் என்ற எண்ணத்தில் அவர் ஒவ்வொரு அலமாரியாக இறக்கி, தட்டி, நிறவாரியாக அடுக்கி வைத்தார். ஆனி மாதத்துக் காற்று வாசலில் தொங்கவிட்ட புடவைகளை உள்ளே வரை பறக்கவிடும். முதலாளி கல்லாவில் இருந்தபடி தொண்டையைச் செருமுவார். மடித்துக்கொண்டிருப்பவர் சட்டென்று தலையை நிமிர்த்துவார். "காத்து ஜாஸ்தியா இருக்குதில்ல?" என்பார் முதலாளி. "ஆமாங்க மொதலாளி" என்று சொல்லிவிட்டு அவர் மறுபடி குனிந்துகொள்வார். இதை நான் எத்தனை முறை பார்த்தேன் என்று எனக்கே கணக்கு இல்லை. பாதி மாதம் போனதும் அவர் நம்பிக்கையை விட்டிருக்க வேண்டும். வேலூரில் ஒரு கைத்தறிக் கூட்டுறவுக் கடைக்கு ஆள் கேட்கிறார்கள் என்று தெரிந்து மனுப் போட்டார்.

ஒன்றாம் தேதி அவர் வரவில்லை. பத்து மணிக்கு முதலாளி வாசலைப் பார்த்தார். பதினொன்றுக்கு, "உடம்பு கிடம்பு சரியில்லையா அவனுக்கு?" என்று கேட்டு ஒரு ஆளை வீட்டுக்கு அனுப்பினார். போன ஆள் திரும்பி வந்து, "நின்னுட்டேனே, எழுதிக் குடுத்தேனேன்றாருங்க. வேலூர்ல வேல தேடிக்கினாராம்" என்றான். முதலாளியின் முகம் போன போக்கைப் பார்த்தேன். நான் நினைத்த மாதிரி அதில் ரசிக்க ஒன்றும் இல்லை. பக்கத்து வீட்டில் இழவு விழுந்தால் எப்படி உட்கார்ந்திருப்பார்களோ அப்படி உட்கார்ந்திருந்தார்.

அந்த வருத்தம் சாயங்காலத்துக்குள் கோபமாகிவிட்டது. வேலூரில் சேர வேண்டுமானால் பழைய கடையிலிருந்து சான்றிதழ் வேண்டும். மாத முடிவுக்குள் கொடுக்காவிட்டால் அடுத்த ஆளை எடுத்துக்கொள்வார்கள். அவர் கேட்டனுப்பியதும் முதலாளி சொல்லச் சொல்ல நான் டைப் அடித்தேன். "முன்னறிவிப்பின்றி வேலைக்கு வராததால் நிறுத்தப்பட்டார்." அந்தக் கடைசிச் சொல்லை அடிக்கும்போது என் விரல் தடுக்கி ஒரு புள்ளி விட்டுப்போனது. மை வைத்து அதையும் சரிசெய்தேன். அவ்வளவு ஒழுங்கான டைப்பிஸ்ட் நான்.

அவர் வந்து அதைப் படியில் வெளிச்சத்தில் நின்று படித்தார். புடவையை மடிக்கிற மாதிரி நான்காக மடித்து என் மேசையில் வைத்தார்.

"நின்னவன நிறுத்திட்டீங்களேம்மா" என்றார். "நானா நின்னேன். யாரும் நிறுத்தல. இதக் குடுத்தா எவன் சேப்பான்? அதவிடு, இது நெஜம் இல்ல."

கல்லாவிலிருந்து முதலாளி தெருவைப் பார்த்தபடி, "குடுத்தது குடுத்ததுதான்னு சொல்லும்மா" என்றார். பத்தடி தூரத்தில் இருந்தவருக்கு நான் அதைத் திரும்பச் சொல்ல வேண்டியிருந்தது.

அடுத்த நாளிலிருந்து அவர் எதிர்ப் பக்கத்து வளையல் கடை ஓரத்தில் வந்து நிற்க ஆரம்பித்தார். சண்டை இல்லை, சத்தம் இல்லை. காலையில் வருவார், வெயில் உச்சிக்கு ஏறியதும் போய்விடுவார். என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், "ஒரு சொல்லு தப்பா இருக்கு, மாத்திக் குடுத்தா வாங்கினு போவேன்" என்பார்.

இதில் ஒரு கூத்து நடந்தது. எங்கள் கடைக்கு வருகிற பெண்கள் புடவையைத் தேர்ந்தெடுத்துவிட்டு, "வெளிச்சத்துல பாத்துட்டு வந்துடறேன்" என்று படி இறங்குவார்கள். இறங்கினவர்கள் நேரே தெருவைத் தாண்டி அவரிடம் போய் விரித்துக் காட்டுவார்கள். அவர் வாங்கிப் பார்ப்பார். "இது எடுங்க, உங்க பொண்ணுக்கு நல்லா இருக்கும்" என்பார். அல்லது, "இதே கலர்ல உள்ள ரெண்டாவது தட்டுல இன்னும் நல்லது கெடக்கும், கேளுங்க" என்பார். அவர்கள் திரும்பி வந்து இரண்டாவது தட்டைக் கேட்பார்கள். அது அங்கே இருக்கும். தன்னை நிறுத்தப்பட்டவன் என்று எழுதின கடைக்கு அந்த மனுஷன் எதிர்ச்சாரியில் நின்றுகொண்டு வியாபாரம் செய்து கொடுத்தார். முதலாளி பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் அவரைப் போகச் சொல்லி ஆள் அனுப்பவில்லை. ஒரு காலை அவர் வரத் தாமதமானபோது முதலாளி இரண்டு முறை எழுந்துபோய்த் தெருவை எட்டிப் பார்த்ததை நான் கண்டேன்.

மாதம் முடிய ஒரு வாரம் இருக்கும்போது யாரோ அவருக்காக மனு எழுதி, கடைத் தொழிலாளர் விவகாரம் பார்க்கும் இன்ஸ்பெக்டரிடம் கொடுத்தார்கள். தாலுகா ஆபீசுக்குப் பக்கத்தில் ஒரு மாடியறையில் விசாரணை. வருகைப் பதிவேட்டையும் அந்த அரைத்தாளையும் எடுத்துக்கொண்டு நானும் முதலாளியுடன் போனேன். ஜன்னல் முழுக்க மலை. அவர் ஜன்னலோரம் நின்றார். உட்காரச் சொன்னபோதும், "பழக்கம் இல்லீங்க" என்றார்.

இன்ஸ்பெக்டர் அந்தத் தாளை இரண்டு முறை படித்தார்.

"நிற்கிறேன்னா இன்னாய்யா அர்த்தம்? இருக்கேன்னா, போறேன்னா?"

"போறேன்னுங்க."

"இருக்கேன்னுங்க சார்" என்றார் முதலாளி.

"தெனம் நிக்கிறவன் எதுக்குங்க நிக்கிறேன்னு எழுதிக் குடுப்பான்?" என்று அவர் இன்ஸ்பெக்டரிடம் கேட்டார்.

"போறவனுக்குப் போறேன்னு எழுத இன்னா கேடு?" என்று முதலாளியும் இன்ஸ்பெக்டரிடமே கேட்டார்.

அதற்கு அவர் ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். நீலத்துக்கு ஏழெட்டுப் பெயர் வைத்திருந்த மனுஷனுக்கு விலகுகிறேன் என்று ஒரு சொல் தெரியாமலா போயிற்று? அந்தச் சொல்லை எழுத அவர் கை வரவில்லை என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

"நீ படிச்சியாம்மா? உனக்கு எப்படிப் புரிஞ்சுது?" என்று இன்ஸ்பெக்டர் என் பக்கம் திரும்பினார்.

அவர் சட்டென்று, "அந்தப் பொண்ண விட்டுடுங்க சார். அது அந்தக் கடைல இருக்க வேண்டிய பொண்ணு" என்றார். அப்படி அவர் சொல்லாமல் இருந்திருந்தால் தெரியாது என்று சொல்லித் தப்பித்திருப்பேன்.

"போறேன்னுதான் சார் எழுதினாரு" என்றேன். "எனக்கு அன்னிக்கே தெரியும். மொதலாளி போவாதன்னு ஒரு வார்த்த சொன்னா இருந்துடுவேன்னு என்கிட்ட சொன்னாரு. மாசம் முழுக்க அதுக்காகத்தான் பாத்துக்கினு இருந்தாரு."

முதலாளி எழுந்து கத்துவார், வேலை போயிற்று என்று நினைத்தேன். அவர் மெதுவாக என்னைத் திரும்பிப் பார்த்தார். கண் கலங்கியிருந்தது.

"அன்னிக்கே தெரியுமா உனக்கு?" என்றார். "ஏம்மா, சொல்லியிருந்தா இவன விட்டிருப்பனா நானு?"

இன்ஸ்பெக்டர் அந்த அரைத்தாளை மடித்து வைத்துவிட்டு, "அப்ப உங்களுக்குள்ள தகராறுன்னு ஒண்ணும் இல்ல. ராஜி, சமாதானம்னு எழுதிக்கவா?" என்று கேட்டார். இருவரும் ஒருவரை ஒருவர் பார்க்காமல் தலையை ஆட்டினார்கள்.

மறுநாள் புதிதாக டைப் அடித்தேன். "பதினெட்டு ஆண்டுகள் நேர்மையாகப் பணியாற்றி, தம் விருப்பத்தின்பேரில் விலகிக்கொண்டார்." முதலாளி கண்ணாடி போட்டு மூன்று முறை படித்துக் கையெழுத்துப் போட்டார். அவர் மதியம் வந்து வாங்கிக்கொண்டார். வழக்கம்போல் படியில் வெளிச்சத்தில் பிடித்துப் படித்தார். இந்த முறை மடித்துச் சட்டைப் பையில் வைத்தார். "வரேங்க மொதலாளி. திங்கக்கெழம வேலூர்ல சேரணும், வாக்கு குடுத்துட்டேன்" என்றார். என்னைப் பார்த்துத் தலையை அசைத்தார். அதில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

ஒரு படி இறங்கியதும் முதலாளி கல்லாவிலிருந்து எழுந்தார். நான் அங்கே இருந்த வருடங்களில் வாடிக்கைக்காரர் யாருக்கும் அவர் எழுந்து பார்த்ததில்லை.

"யோவ்" என்றார். மறுபடியும், "நில்லுய்யா" என்றார்.

அவர் நின்றார். திரும்பவில்லை. எங்களுக்கு அவர் முதுகுதான் தெரிந்தது. சட்டை காற்றில் உப்பி உப்பி அடங்கியது. கோபுரத்துக்குப் பின்னால் மலை கறுத்துக்கொண்டு வந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றார் என்று என்னால் சொல்ல முடியாது. கனவில் நேரத்தை யார் அளந்தார்கள்?

"மழ வருதுங்க மொதலாளி" என்றார் கடைசியில். "வாசல்ல தொங்குற பொடவயெல்லாம் உள்ள எடுத்துடச் சொல்லுங்க."

தெருவில் இறங்கிப் போய்விட்டார். முதலாளி நின்ற இடத்திலேயே நின்றார். நான்தான் எழுந்து போய்க் கம்பியிலிருந்து ஒவ்வொரு புடவையாக எடுத்தேன். பதினான்கு புடவைகள். தோளில் போட்டுக்கொண்டு நான்கு முறை உள்ளேயும் வெளியேயும் நடந்தேன், கடைசிப் புடவை நனைந்துவிட்டது. இரண்டு மாதத்துக்கு முன்னால் நான் செய்ய வேண்டியிருந்தது, கல்லாவின் எதிரில் நின்றுகொண்டு ஒரே ஒரு வரி சொல்வது.